முப்பது அண்ணன் சுடாத பன்றிகள்

ஜொகூர் மாநிலத்தில் மிக அதிகமான காட்டுப்பன்றிகளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவைத்த வேட்டைக்காரர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், கோப்பை எங்கள் ஊர் லாயாங் லாயாங்குக்குத்தான் வரும். முப்பது அண்ணன் அதை வாங்க உடனே மேடை ஏறிவிடமாட்டார். மேடை எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று முதலில் கேட்பார்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. அறுபதை நெருங்கும் ஒருவரை எல்லாரும் ‘முப்பது’ என்று கூப்பிடுவதைக் கேட்டு, வயதை வைத்துச் செய்யும் கிண்டல் என்று புது ஆட்கள் நினைப்பார்கள். அது வயதில்லை, மீட்டர். முப்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் பன்றி நின்றால் அவர் சுடமாட்டார். பன்றி படுத்துத் தூங்கினாலும் சுடமாட்டார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருந்தார். பங்சர் பார்ப்பதில் அவரைப் போல நிதானமான ஆளை நான் கண்டதில்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். மோட்டார் சைக்கிளை விட்டுப்போனவர் பக்கத்து ஒட்டுக்கடையில் மீ கோரெங் சாப்பிட்டு, தே தாரிக் குடித்து, மழை பெய்து ஓய்ந்த பிறகு வருவார். “ஒரு குமிழி வந்துச்சு லா. இன்னொண்ணு வருதான்னு பாப்போம்” என்பார் அண்ணன். துப்பாக்கி பிடிக்கும்போதும் அதே நிதானம்தான். பங்சர் எங்கேயும் ஓடாது, பன்றி ஓடும். சிக்கல் அங்கேதான்.

எங்கள் பக்கத்தில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த பிறகு காட்டுப்பன்றிகளுக்கு நல்ல காலம். உதிர்ந்த பழம், மரவள்ளிக் கிழங்கு, இளங்கன்றின் குருத்து என்று எந்நேரமும் விருந்து. சிறு தோட்டக்காரர்கள் தாங்க முடியாமல், லைசென்ஸும் வனவிலங்கு இலாகா அனுமதியும் உள்ள வேட்டைக்காரர்களைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர்க் குழுவில் துப்பாக்கி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் அண்ணன். இன்னொருவர் ராக்கெட்.

ராக்கெட்டுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில் ஊருக்கு வருவார். தூரம் என்ற விஷயமே அவர் அகராதியில் கிடையாது. கண்ணுக்குத் தெரிந்தால் சுடுவார். சில நேரம் தெரியாவிட்டாலும் சுடுவார். அவர் சுட்டால் பன்றி நின்று திரும்பிப் பார்க்கும். இரண்டு தோட்டம் தள்ளி ஆடு மேய்ப்பவர்தான் தரையில் படுத்துக்கொள்வார்.

நான் செம்பனைக் குலை எடை போடும் இடத்தில் வேலை பார்ப்பவன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனாலும் அண்ணன் என்னை எப்போதும் கூட அழைத்துப் போவார். “டீம்ல வாயைத் திறக்காத ஆளு நீ ஒருத்தன்தான், மணி. பன்னிக்கே உன்னைப் பிடிக்கும்” என்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

செம்பனைத் தோட்டத்தில் தூரம் பார்ப்பது சுலபம். மரங்களை ஒரே இடைவெளியில் நட்டிருப்பார்கள். மூன்று மரம் தள்ளி இன்னும் கொஞ்சம் போனால் முப்பது மீட்டர். பன்றி வெளியே வந்ததும் மற்றவர்கள் பன்றியைப் பார்ப்பார்கள். அண்ணன் மரத்தை எண்ணுவார்.

“நாலாவது மரம்.”

“அண்ணே, சுடுங்க லா! நிக்குது!” என்பார் ராக்கெட்.

“நாலாவது மரம்டா.”

“அதுக்கு என்ன இப்ப? நீங்க கூப்பிட்டா மூணாவதுக்கு வருமா?”

“வரலன்னா போகட்டும். அதுக்கும் வீடு இருக்கு.”

அதுவும் போகும். போகிற போக்கில் எங்களைப் பார்த்துவிட்டுப் போன பன்றிகளும் உண்டு.

இந்தப் பழக்கம் தோட்டத்தோடு நிற்கவில்லை. மாதா கோயில் பூசையில் எனக்கு இடம் பிடித்துவைத்துவிட்டு, “பீடம் இருபத்தி ரெண்டு” என்று காதில் சொல்வார். நான் இந்து. கிறிஸ்துமஸுக்கு அவர் கூப்பிட்டால் போவேன். பீடம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஒரு கல்யாண விருந்தில் மேடையைப் பார்த்துக்கொண்டே, “மாப்பிள்ளை இருபத்தாறு, பொண்ணு இருபத்தஞ்சரை” என்றார். பின் மேசையில் இருந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, “யாரு சொன்னா? பொண்ணுக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சிருச்சு” என்றார். அண்ணன் அந்த அம்மாவை மிகுந்த அக்கறையோடு பார்த்து, “உங்க இடத்துலேர்ந்து அப்படித் தெரியும்” என்றார்.

முப்பது என்பதை அவராகவே சுட்டுக் கண்டுபிடித்தார். பங்சர் தொட்டியில் ஒரு வாரத்துத் தமிழ்ப் பத்திரிகைகளை ஊறவைப்பார். திங்கள் முதல் ஞாயிறு வரை வரிசையாக அடுக்கிப் பழைய லாரி டயருக்குள் இறுக்கித் திணிப்பார். ஈரக் காகிதமும் பன்றியின் உடம்பும் குண்டுக்கு ஏறக்குறைய ஒன்று என்பது அவர் கட்சி. டயரை மண்மேட்டில் சாய்த்துவைத்து, கிட்டேயிருந்து ஒன்று, எட்டத்திலிருந்து ஒன்று என்று சுடுவார். பிறகு பலகையில் உட்கார்ந்து, பூண்டு உரிப்பது போல ஒவ்வொரு தாளாக உரிப்பார்.

“இருபதுல பாரு. ஞாயித்துக்கிழமை சினிமா பக்கம் வரைக்கும் போயிருக்கு. முப்பதுல வெள்ளிக்கிழமை. அது போதும், நெஞ்சு வரைக்கும் போயிடும். ஐம்பதுல பாரு, திங்கக்கிழமை மந்திரிகிட்டயே நின்னுடுச்சு. மந்திரியே தாங்கிட்டாரு. பன்னிக்கு வலிதான் மிஞ்சும்.”

தோட்டாவைக் கண்டபடி வாங்க முடியாது. லைசென்ஸில் அளவு இருக்கிறது. அந்த அளவில் பாதி பத்திரிகைக்கே போய்விடும். “நாம பன்னி டீமா, பேப்பர் டீமா?” என்று ராக்கெட் கத்துவார்.

ஒருநாள் ராக்கெட் ஒற்றைக் குண்டுத் தோட்டா கொண்டுவந்தார். ரவை ரவையாகச் சிதறாமல் ஒரே கனமான குண்டாகப் போகும் வகை. “இது நூறு மீட்டருக்குப் பேசும் அண்ணே” என்றார். அண்ணன் மறுக்கவில்லை. அதையும் டயரில் சுட்டுப் பார்க்கச் சொன்னார். குண்டு ஒரு வாரத்தையும் துளைத்து, டயரையும் துளைத்து, மண்ணுக்குள் போயிற்று. ஆனால் குறிவைத்த இடத்திலிருந்து இரண்டு சாண் இடதுபக்கம். அண்ணன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“வேகம் இருக்கு, பலம் இருக்கு. சிங்கப்பூர் பஸ் மாதிரி போவுது. நீ இறங்குற இடத்துல மட்டும் நிக்க மாட்டேங்குது” என்றார்.

ராக்கெட் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த வாரம் அவர் சிங்கப்பூரில் இருந்ததால் அண்ணனுக்கு அது தெரியவே தெரியாது.

குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதைப் பத்திரிகை சொல்லிவிட்டது. எவ்வளவு சிதறும் என்று தெரிந்துகொள்ள அவருக்குத் துணி வேண்டியிருந்தது. கோயில் பெண்கள் கல்யாணப் புடவை எடுக்க வேன் பிடித்துத் துணிக்கடை ஊரான தங்காக்குக்குப் போனபோது அண்ணனும் ஏறிக்கொண்டார். வேன் முழுக்கப் பெண்கள், நடுவில் அண்ணன். அவர் மனைவி திரேசா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாராம். தங்காக்கில் எல்லாரும் பட்டுப் பார்க்கும்போது இவர் மட்டும் வெள்ளைத் துணிக் கட்டைப் பிரித்து, விரலால் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறார்.

“சட்டைக்கா அண்ணே?” என்று கேட்டிருக்கிறாள் கடைப் பெண்.

“பன்னிக்கு.”

“யாருக்கு?”

“பன்னிக்கும்மா. நாலு காலு இருக்கும்ல, அது. குண்டு பட்டா ஓட்டை மட்டும் விழணும், கிழியக் கூடாது. அந்த மாதிரி எது இருக்கு?”

கடைப் பெண் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தாளாம்.

அந்தத் துணியில் கரியால் பன்றி வரைந்தார். நெஞ்சு இருக்கும் இடத்தில் ஒரு வட்டம். முப்பதில் சுட்டால், ஒன்பது ரவையில் நாலைந்து வட்டத்துக்குள் விழும். ஐம்பதில் சுட்டதை எனக்கு விரித்துக் காட்டினார். “ஒண்ணு வயித்துல, ஒண்ணு வாலுல. மீதி ஏழும் சேசுவுக்கே வெளிச்சம்.”

துணியை வீணாக்கக் கூடாது என்று திரேசா அக்கா அதைத் துவைத்து வெளியே கொடியில் காயப்போடுவார். கரி முழுதாகப் போகாது. ஒருமுறை வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் கொடியின் முன்னால் நின்றுவிட்டார்.

“என்ன திரேசா, பேரப்பிள்ளைங்க வரைஞ்சதா?”

“இல்ல ஃபாதர். வீட்டுக்காரரு.”

ஃபாதர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். “நல்ல பசு மாடு” என்றார்.

அண்ணன் அன்று மந்திரித்த தண்ணீருக்குத் தலை குனியவில்லை என்று அக்கா சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் பிழைப்பே வந்து நின்றது.

அப்பா விட்டுப்போன சிறு தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு நான் புதுக் கன்று நட்டிருந்தேன். அது காய்க்கும் வரை எடை போடும் சம்பளத்தில் ஓட்டிவிடலாம் என்று நானும் என் மனைவி செல்வியும் முடிவு செய்திருந்தோம். கன்றுகள் வேர் பிடித்த நேரத்தில் ஒரு பன்றி வந்தது. தனியாகத் திரியும் பெரிய ஆண் பன்றி. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வரிசை பிடுங்கிக் கிடக்கும். குருத்தை மட்டும் தின்றுவிட்டு மீதியை ஓரமாகப் போட்டிருக்கும். விருந்துக்கு வந்தவர் இலையை மடித்துவைப்பது போல.

தோட்டம் போனால் நான் சிங்கப்பூருக்குத்தான் போகவேண்டும். ராக்கெட் தன் கம்பெனியில் இடம் சொல்லிவைத்திருந்தார். ஹாஸ்டலில் தங்கி வேலை, வாரம் ஒருமுறை வீடு. எத்தனையோ பேருக்கு அது நல்ல வழி. எனக்கு அப்படி இல்லை. புது ஆளிடம் என் பெயரைச் சொல்லவே எனக்கு அரை நாள் வேண்டும். தெரியாத ஆட்கள் நிறைந்த ஓர் அறையில், செல்வியும் பிள்ளைகளும் இல்லாமல் எப்படிப் படுப்பேன் என்று யோசித்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே வந்தார். தோட்டத்தில் பெரிய மரம் என்று இருந்தது சாலையோர ரப்பர் மரம் ஒன்றுதான். அதில் பரண் கட்டினார். எண்ணுவதற்கு மரங்கள் இல்லாததால், பரணிலிருந்து கயிறு பிடித்து அளந்து, முப்பது மீட்டரில் வளைவாகக் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் தங்காக் துணியைக் கிழித்துக் கட்டினார்.

பன்றி அன்று சாயங்காலமே வந்தது. சதுப்புப் பக்கத்திலிருந்து மண்கரை ஏறி வந்து, குச்சிகளுக்கு அந்தப் பக்கமே நின்று மேய்ந்தது.

“நாப்பத்தி ரெண்டு” என்று அண்ணன் மூச்சுக்குள் சொன்னார்.

கறுக் என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்னத்தைத் திங்குது?”

“என் கன்னு, அண்ணே.”

“ம்ம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இப்ப நாப்பத்தொண்ணு” என்றார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வீட்டுக்கு வந்தால் செல்வி வாசலிலேயே நிற்பாள்.

“இன்னிக்கு எத்தனை?”

“நாப்பத்தி மூணு.”

“நான் கன்னைக் கேட்டேங்க.”

அவளே தொடர்வாள். “அந்த மனுசன் நல்லவருதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா பன்னிக்கு நல்லவரா இருக்கிறாரு. நமக்கு எப்ப நல்லவரா இருப்பாரு?”

சனிக்கிழமை ராக்கெட் வந்தார். நிலவரம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் எங்களோடு பரணில் அவரும் ஏறினார். வழக்கத்துக்கு மாறாகச் சிரித்த முகமாக இருந்தார். பன்றி வந்தது. மண்கரை ஏறியது. மேய்ந்துகொண்டே நகர்ந்து, முதல் தடவையாகக் குச்சிகளைத் தாண்டி உள்ளே வந்து நின்றது.

“உள்ள வந்துடுச்சு அண்ணே. சுடுங்க” என்றார் ராக்கெட்.

அண்ணன் துப்பாக்கியைத் தூக்கினார். கன்னத்தை ஒட்டவைத்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். காதைப் பொத்திக்கொண்டே இருந்தேன். பிறகு கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அவர் துப்பாக்கியை இறக்கி மடியில் வைத்திருந்தார்.

“என்ன அண்ணே?”

“பன்னி இளைச்சிருக்கு.”

“என்னது?”

“முப்பதுல நின்னா, இந்தக் குழாய் நுனியில இருக்கிற குறிமணி அதோட காதைத்தான் மறைக்கணும். இப்ப காது, கண்ணு எல்லாத்தையும் சேத்து மறைக்குது.” அவர் ராக்கெட் பக்கம் திரும்பினார். “ஒரே நாள்ல பன்னி இளைச்சிருச்சா, இல்ல குச்சி நடந்துருச்சா?”

ராக்கெட் பேசாமல் இருந்ததை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அப்போதுதான். பன்றி சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிப் போயிற்று. கீழே இறங்கிக் கயிறு பிடித்துப் பார்த்தோம். குச்சி நாற்பத்தெட்டில் நின்றது. மதியம் யாரும் இல்லாத நேரத்தில் ராக்கெட் எல்லாவற்றையும் பிடுங்கித் தள்ளி நட்டிருக்கிறார்.

“ஆமா, நான்தான்” என்றார் ராக்கெட். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சும்மா கொஞ்சம் தள்ளி அண்ணே. அதுக்குள்ள என்ன கெட்டுப்போச்சு? மணியைப் பாருங்க, அவன் தோட்டமே போவுது. உங்க முப்பதுக்காக இவன் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுச் சிங்கப்பூர் வரணுமா?”

“அவன் கன்னு போறது எனக்குத் தெரியாதாடா? எனக்கும் ராத்திரி சோறு இறங்கல.” அண்ணனின் குரல் ஏறியதை அன்றுதான் கேட்டேன். “நாப்பத்தெட்டுல சுட்டா ஒண்ணோ ரெண்டோ வயித்துல படும். அப்புறம் அது சேத்துக்குள்ள போயிக் கிடக்கும். சாகாது, பொழைக்கவும் செய்யாது. நமக்கு அடிபட்டா கிளினிக் போறோம். அது வலிக்குதுன்னு யார்கிட்டப் போயிச் சொல்லும்?”

எனக்குள் பல நாளாக ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்து, ஒவ்வொரு நாளும் மூடியிருந்தேன். அன்று அது தானாக வெளியே வந்துவிட்டது.

“அண்ணே, அது நம்மகிட்ட வரலன்னா, நாம அதுகிட்டப் போலாமே?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பரணே பேசியது போலப் பார்த்தார்கள்.

“போலாம்” என்றார் அண்ணன். “அந்த மண்கரைக்கு முன்னாடி உக்காந்தா ரொம்பக் கிட்ட. குண்டு தவறினாலும் கரையில புதைஞ்சிடும், யாருக்கும் ஆபத்தில்ல. நான் முதல் நாளே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் அண்ணே போகல?”

அவர் சாலையைப் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்தார். கடைசியில் தன் செருப்பைப் பார்த்து, “முட்டி மடங்காதுடா” என்றார்.

“எது?”

“முட்டி. பரண்ல காலைத் தொங்கப்போட்டுக்கலாம். கீழ குத்த வைச்சு உக்காரணும். உக்காந்தா எந்திரிக்க முடியாது.”

“அலமாக்!” என்றார் ராக்கெட். “இத்தனை நாளா முப்பது முப்பதுன்னு எங்களைச் சாகடிச்சீங்களே, காரணம் முட்டியா?”

“முப்பது என் கொள்கை. முட்டி என் சொந்த விஷயம்” என்றார் அண்ணன்.

ராக்கெட் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பின்னால் ஒட்டுக்கடையின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் காற்று சதுப்பிலிருந்து எங்கள் பக்கம் வீசியது. எங்கள் வாசம் பன்றிக்குப் போகாது, அண்ணனுக்கு அதுதான் வேண்டும். மண்கரைக்கு எதிரில் காய்ந்த செம்பனை மட்டைகளைக் குவித்து, அதற்குப் பின்னால் நாற்காலியைப் போட்டோம். ராக்கெட்டும் வரப் பார்த்தார். “நீ சென்ட் போட்டிருக்க. உன்னை அது சிங்கப்பூர்லேயே மோப்பம் பிடிச்சிருக்கும்” என்று அண்ணன் அவரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டார். மட்டைக் குவியலுக்குப் பின்னால், ஒட்டுக்கடையில் தே தாரிக் கேட்டுக் காத்திருப்பவர் போல அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே பன்றி கரை ஏறியது. அவ்வளவு கிட்டத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. முதுகில் காய்ந்த சேறு. மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. அண்ணன் பக்கம் பார்த்தேன். அவர் உதடு மட்டும் அசைந்தது. பதினெட்டு.

அவர் சுடவில்லை.

பன்றி எங்களுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. முகத்துக்கு நேரே சுடக்கூடாது, தோள் தெரியவேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. எனக்கு அந்த விதி தெரியும். பன்றிக்கும் தெரிந்திருக்கவேண்டும். அது எங்கள் கண்ணெதிரிலேயே என் கன்று ஒன்றைப் பிடுங்கி, குருத்தை உரித்து, நிதானமாக மென்றது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அது அடுத்த கன்றைப் பிடுங்கியது. எனக்குச் சிங்கப்பூர் ஹாஸ்டலின் கட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. மேல் கட்டில்.

மூன்றாவது கன்றுக்காகப் பன்றி பக்கவாட்டில் திரும்பியது. அது முன்னங்காலை எடுத்து வைத்தது. வெடிச் சத்தம் கேட்டது.

பன்றி நின்ற இடத்திலேயே சரிந்தது. ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் மழையில் இளகிய மண்ணில் நாற்காலியின் பின்னங்கால்கள் புதைந்து, அண்ணன் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார். விழும்போதே துப்பாக்கியை வானத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். நான் பதறி அவரைத் தூக்க ஓடினேன். அவர் படுத்தபடியே கையை நீட்டித் தடுத்தார்.

“செத்துடுச்சா?”

“செத்துடுச்சு அண்ணே.”

“ஓடலையே?”

“ஓடல.”

“துடிக்கலையே?”

“இல்ல அண்ணே. அப்படியே படுத்துடுச்சு.”

அவர் கண்ணை மூடி மூச்சு விட்டார். “சரி. இப்ப என்னைத் தூக்கு.”

எழுந்ததும் இடுப்பைத் தடவிக்கொண்டே பன்றியிடம் போனார். என்னைப் புரட்டச் சொல்லி, தோளில் இருந்த ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். நாலு போதும் என்று எப்போதும் சொல்வார். ஏழு இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். சத்தம் கேட்டுச் சாலையிலிருந்து ஓடிவந்த ராக்கெட், கவிழ்ந்து கிடந்த நாற்காலியையும் பன்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டையும் சுட்டுட்டீங்களா அண்ணே?” என்றார்.

அன்று திரேசா அக்காவும் செல்வியும் சேர்ந்து கறி பிரட்டினார்கள். செல்வி முதல் தட்டை அண்ணனுக்கு வைத்துவிட்டு, அவர் போதும் என்று சொன்ன பிறகும் போட்டுக்கொண்டே இருந்தாள். பன்றி பிடுங்கிய இடங்களில் மறுபடியும் கன்று நட்டேன். ராக்கெட் தன் கம்பெனியில் சொல்லிவைத்திருந்த இடத்துக்கு வேறு ஒருவர் போனார். அவருக்கு அது பிடித்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார்.

அண்ணனுக்கு அதற்குப் பிறகு கண்ணில் புரை விழுந்தது. தூரம் சரியாகப் பிடிபடவில்லை என்று அவருக்கே தோன்றிய அன்று, யாரும் சொல்லாமலே போலீஸ் நிலையத்துக்குப் போய்த் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். டயர் கடையையும் மூடிவிட்டு, இப்போது ஸ்கூடாயில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்தது. இன்னொன்றுக்குத் தேதிக்குக் காத்திருக்கிறார்.

போன மாதம் பார்க்கப் போனேன். “மணி, கன்னெல்லாம் எப்படி இருக்கு?” என்று கேட்டார். அவை என்னைவிட உயரமாகி, குலை தள்ளி, லாரி ஏறிக்கொண்டிருக்கின்றன. அவருக்கு இன்னும் கன்றுதான். “நல்லா இருக்கு அண்ணே” என்றேன்.

எதிர்ப்பக்கம் தே தாரிக் குடிக்கப் போகலாம் என்றார். ஸ்கூடாய் சாலையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கார்கள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு வருவது போல வரும். ஓரத்தில் நின்றோம். அண்ணன் கண்ணைச் சுருக்கி வலதுபக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய அண்ணனாக இருந்தால் வருகிற ஒவ்வொரு காருக்கும் ஓர் எண் சொல்லியிருப்பார்.

“அந்த வெள்ளைக் காரு எவ்ளோ தூரம்டா இருக்கும்?”

“தூரம் இருக்கு அண்ணே. போலாம்.”

எத்தனை மீட்டர் என்று கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.